எனக்கு வராத மஞ்சள் காமாலை

சிவா,

தினமும் வாட்ஸ்அப்பில் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் அனுப்புகிற அப்பா எதற்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புகிறார் என்று உறையைப் பார்த்ததும் பயந்திருப்பாய். பயப்படாதே. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி, அது எப்போதும் இருப்பதுதான். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் முதலில் இதை ஆங்கிலத்தில்தான் எழுதிப் பார்த்தேன். ஆபீசில் கப்பல் கம்பெனிகளுக்கு எழுதுகிற கடிதம் மாதிரியே வந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன். வங்காளத்தில் எழுதினால் நீ கடகடவென்று படித்துவிடுவாய், ஆனால் இதை அவ்வளவு வேகமாகப் படிக்க வேண்டாம் என்று தோன்றியது. ரூமில் தனியாக இருக்கும்போது உட்கார்ந்து படி.

போன வியாழக்கிழமை நீ அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டுத்தானே அவள் பேசுவாள். துர்கா பூஜை லீவுக்கு வருவதைப் பற்றிப் பேச்சு. "அம்மா, ரஜாய்ப் போர்வையை இந்தத் தடவையே எடுத்துட்டு வந்துரட்டுமா?" என்று கேட்டாய். "துவைக்கணும்னா எடுத்துட்டு வால" என்றாள் அவள். கொஞ்சம் கழித்து, "சைக்கிளை ஒரு சீனியர் கேக்காரு, குடுத்துட்டு வந்துருதேன்" என்றாய். அம்மா அதையும் காதில் வாங்கவில்லை. நீ இறங்கியதும் என்ன சமைத்துப் போடுவது என்பதிலேயே அவள் மனம் இருந்தது. நான் காதில் வாங்கிக்கொண்டேன். உன் ஹாஸ்டலிலிருந்து வகுப்புக்கு இரண்டு கிலோமீட்டர் என்று நீதானே சொன்னாய். உன்னைச் சேர்க்க ஹைதராபாத் வந்த அன்று அந்த வளாகத்தைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பி, பாதி வழியிலேயே அம்மா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாளே. அப்படிப்பட்ட இடத்தில் பத்து நாள் லீவுக்கு ஊருக்கு வருகிறவன் எவனும் சைக்கிளைக் கொடுத்துவிட்டு வரமாட்டான். நீ லீவுக்கு வரவில்லை. திரும்பிப் போகாமல் இருப்பதற்காக வருகிறாய். சரிதானே? நான் உளவு பார்க்கவில்லை, யாரையும் விசாரிக்கவும் இல்லை. உன் வயதில் நானும் அப்படி ஒரு தடவை வந்தேன், அதனால் தெரிந்தது.

அதைச் சொல்வதற்கு முன்னால் என் லிவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்கு ஆறு வயதிருக்கும். டாலிகஞ்ச் மெட்ரோவை விட்டு இறங்கியதும் மூலையில் பேகுனி போடுகிற கடை ஒன்று உண்டு. அந்தக் கடைக்காரர் ஒருநாள் சூடாக ஒரு கத்தரிக்காய் பஜ்ஜியைக் காகிதத்தில் வைத்து என்னிடம் நீட்டினார். நீ எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, "பாபாகே தியோ நா! பாபார் லிவர் காராப்" என்று கத்தினாய். அப்பாவுக்குக் கொடுக்காதீங்க, அப்பாவுக்கு லிவர் கெட்டுப்போயிருக்கு என்று. கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் பங்கை நீயே வாங்கித் தின்றுகொண்டு, என் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திக் கூட்டி வந்தாய். பூஜைப் பந்தலில் பிரசாதக் கிச்சடியோடு வருகிற பேகுனி, கல்யாண வீட்டுப் பூரி, அம்மா தீபாவளிக்குச் சுடுகிற முறுக்கு, எதையும் நான் தொட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். காலேஜில் படிக்கப்போன இடத்தில் மஞ்சள் காமாலை வந்து, படிப்பை விட்டுவிட்டுத் திரும்பி, அன்றிலிருந்து எண்ணெய்ப் பண்டம் ஆகாது என்பது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. சிவா, எனக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லை. என் லிவரில் ஒரு கோளாறும் கிடையாது.

எனக்குப் பதினேழு வயதில் சென்னையில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. கிடர்பூர் கப்பல் டாக்கில் சரக்கு எண்ணுகிற குமாஸ்தாவாக இருந்த என் அப்பாவுக்கு, உன் தாத்தாவுக்கு, தலைகால் புரியவில்லை. குவார்ட்டர்ஸ் முழுக்க சந்தேஷ் இனிப்பு கொடுத்தார். எனக்கும் பெருமைதான். சொந்த பாஷை பேசுகிற ஊருக்குப் போகிறோம், இனி யாரும் நம்மை 'மாத்ராஜி' என்று கூப்பிடமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கே முதல் வாரத்திலேயே என் பெயர் 'பெங்காலி' ஆகிவிட்டது. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். என்னைப் படுத்தியது வேறு. முதல் கணக்குப் பரீட்சையில் ஐம்பதுக்கு ஏழு வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் நான் முதல் இரண்டு பேருக்குள் வராமல் இருந்ததில்லை. விடைத்தாளின் அடியில் ஆசிரியர் சிவப்பு மையில் 'என்னை வந்து பார்' என்று எழுதியிருந்தார். நான் போகவில்லை. போனால் இந்த இடத்துக்கு நான் லாயக்கில்லை என்று சொல்லிவிடுவார் என்று பயம். அதற்குப் பிறகு கடைசி வரிசையில் கதவுப் பக்கமாக உட்கார ஆரம்பித்தேன். அப்புறம் அந்த வகுப்புக்குப் போவதையே விட்டேன்.

ஒரு வாரம் போகவில்லை. இரண்டு வாரம் போகவில்லை. யாரும் கேட்கவில்லை. அதுதான் என்னை உடைத்தது. கிடர்பூரில் நான் ட்யூஷன் விட்டு அரைமணி தாமதமாக வந்தால் நாலு ஜன்னலிலிருந்து கேள்வி வரும். அதை அப்போது பெரிய தொல்லையாக நினைத்திருக்கிறேன். இருநூறு பேர் உட்காருகிற அந்த ஹாலில் நான் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று தெரிந்தது. பெரிய இடத்தில் யாரும் வேண்டுமென்று நம்மை ஒதுக்குவதில்லை, இடம் பெரிது, அவ்வளவுதான், என்பது எனக்குப் புரிய இன்னும் பத்து வருஷம் ஆனது. அன்றைக்கு அவர்கள் எல்லோரும் சேர்ந்து என்னை வேண்டாம் என்று சொல்வதாகவே நினைத்தேன். பூஜை வந்தது. மெத்தையையும் வாளியையும் பக்கத்து ரூம்காரனுக்குக் கொடுத்தேன். பெட்டியில் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

ஹௌராவில் அப்பா வந்து நின்றார். பத்து நாள் லீவுக்கு வருகிற பையன் தகரப் பெட்டியும் படுக்கையும் புத்தக மூட்டையுமாக இறங்குவதைப் பார்த்தார். ஒரு கணம் பெட்டியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கூலிக்காரரைக் கூப்பிட்டார். வீட்டிலும் ஒன்றும் கேட்கவில்லை. நான் மூன்று மாதத்தில் நிறைய இளைத்திருந்தேன். அடுத்த வீட்டு மாசிமா என்னைப் பார்த்ததும், "ஆஹாரே, பையன் இப்படிக் காய்ஞ்சு போயிட்டானே" என்று வங்காளத்தில் பதறினாள். அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஜண்டிஸ்" என்றார். ஒரே ஒரு வார்த்தை. அவர் அதுவரை பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையில் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன், அவர் காலில் விழலாம் போல இருந்தது.

அப்புறம் அந்தப் பொய்க்கு ஏற்ற மாதிரி வாழ வேண்டியிருந்தது. உப்பில்லாத கஞ்சி, வேகவைத்த பப்பாளிக்காய். பந்தலில் தாக் மேளம் அதிர்ந்துகொண்டிருக்க, நான் ஒரு நோயும் இல்லாமல் ஜன்னலோரம் போர்த்திக்கொண்டு படுத்திருந்தேன். மாசிமா தினமும் காலையில் கரும்புச்சாறு வண்டிக்காரரை மெஷினைக் கழுவவைத்து, பக்கத்திலேயே நின்று பிழியச் சொல்லி, மூடி போட்ட சொம்பில் கொண்டுவருவாள். மூன்று வாரம் கொண்டுவந்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைக் குடிப்பது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப்பார். லீவு முடிந்தது. "உடம்பு தேறட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார் அப்பா எல்லோரிடமும். உடம்பு எங்கே தேறுவது? தேறினால் திரும்பிப் போக வேண்டுமே.

இதில் இன்னொருவனைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் என் ரூமில் செல்வராஜ் என்று விருதுநகர்ப் பக்கத்துப் பையன் இருந்தான். அதிகம் பேசமாட்டான். நானும் பேசமாட்டேன். எனவே எனக்கு அங்கே நண்பனே இல்லை என்று நினைத்திருந்தேன். லீவு முடிந்து இரண்டாவது வாரம் அவனிடமிருந்து இன்லாண்டு லெட்டர் வந்தது. 'ஏன் இன்னும் வரவில்லை? லேப் ரெக்கார்டு இரண்டை உனக்காக நான் எழுதிவைத்திருக்கிறேன். உன் கட்டிலில் யாரையும் உட்காரவிடவில்லை. வந்துவிடு' என்று. நான் இல்லாததைக் கவனித்த ஒருவன் ஆறடி தூரத்தில்தான் படுத்திருந்திருக்கிறான். பதில் எழுதினால் அவனிடமும் அந்த மஞ்சள் காமாலைப் பொய்யைச் சொல்ல வேண்டும். எழுத மனம் வரவில்லை. டிசம்பரில் இன்னொரு லெட்டர் போட்டான். அதற்கும் எழுதவில்லை. அதோடு நிறுத்திவிட்டான். என் வாழ்க்கையில் நான் செய்த தப்புகளில் இதற்குத்தான் நான் அதிகம் வெட்கப்படுகிறேன். இப்போதும் எங்காவது அந்தப் பெயரைக் கேட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

நான் வாழ்க்கையைத் தொலைத்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. இங்கேயே ஈவினிங் காலேஜில் பி.காம். முடித்தேன், கிளியரிங் ஏஜெண்ட் ஆபீசில் வேலை கிடைத்தது, உன் அம்மா கிடைத்தாள், நீ கிடைத்தாய். இதில் எதையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் திரும்பி வந்ததல்ல என்னை அரித்தது. திரும்பி வந்ததை ஒருத்தரிடமும் சொல்லாததுதான். கெட்டிக்காரர்கள் நாலு பேர் இருக்கிற இடத்துக்குப் போனால் இன்றைக்கும் நான் கதவுப் பக்கமாகத்தான் உட்காருகிறேன். நீ கவனித்திருக்கமாட்டாய்.

இதெல்லாம் தெரிந்தும் உன் விஷயத்தில் நான் என்ன செய்தேன்? இங்கே சால்ட் லேக்கில் உனக்குக் கிடைத்த காலேஜை வேண்டாம் என்று சொல்லி, பெரிய பல்கலைக்கழகம், பெரிய பெயர் என்று துரத்தினேன். நான் பாதியில் விட்டதை நீ முடித்துவைக்க வேண்டும் என்ற ஆசை. ஹாஸ்டல் வாசலில் விடைபெறும்போது உன் தோளைத் தட்டி, "அழுதுட்டு போன் பண்ணப்பிடாது, என்ன? ஆம்பளப் பிள்ளை சமாளிக்கணும்" என்றேன். அழகாகச் சொல்லிவிட்டோம் என்று ஆட்டோவில் வரும்போது நினைத்துக்கொண்டேன். கதவை நானே சாத்திவிட்டு வந்திருக்கிறேன் என்று போன வியாழக்கிழமைதான் புரிந்தது. அந்த வார்த்தையை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அழுகை வந்தால் அழு. அழுதுகொண்டே போன் பண்ணு.

அங்கே உனக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்றால் ஒரு வார்த்தை போதும், அடுத்த ரயிலில் நான் அங்கே இருப்பேன், அதில் பேச்சுக்கே இடமில்லை. அப்படி இல்லாமல், மார்க்கும் தனிமையும்தான் என்றால், நான் செய்யாமல் விட்டதை மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கொள். மார்க் குறைந்த பேப்பரை எடுத்துக்கொண்டு அந்த ஆசிரியர் அறைக்குப் போ. அவர் கூப்பிடாவிட்டாலும் போ. அவ்வளவு பெரிய இடத்தில் உன்னைத் தேடி அவர் வரமுடியாது. உன்னைப் போல் தடுமாறுகிறவர்களை வருஷா வருஷம் பார்க்கிறவர் அவர், உன்னைப் பார்த்து அதிர்ச்சி அடையமாட்டார். வகுப்பில் தினமும் ஒரே இடத்தில் உட்கார். இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருத்தி, முன்னால் ஒருவன் என்று மூன்று முகம் பழகினால் இருநூறு பேர் ஹால் சின்னதாகிவிடும். மெஸ்ஸில் போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடாதே, போனைப் பார்க்கிறவனிடம் யாரும் உட்காரட்டுமா என்று கேட்கமாட்டார்கள். தமிழ் பேசுகிற பிள்ளைகள் உன்னை வங்காளி என்பார்கள், வங்காளிப் பிள்ளைகள் உன் பெயரைக் கேட்டுவிட்டுத் தமிழன் என்பார்கள். சிரித்துக்கொண்டு இரண்டு கூட்டத்திலும் போய் உட்கார், இரண்டும் உன்னுடையதுதான். முக்கியமாக, உன் ரூமில் இருக்கிற அந்தப் பையனைக் கொஞ்சம் கவனித்துப் பார். அதிகம் பேசாதவன் என்றால் இன்னும் நன்றாகப் பார்.

இன்று காலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உனக்கு முன்னால் அவளுக்குச் சொல்வதுதான் நியாயம் என்று பட்டது. உனக்கு அனுப்ப அதிரசத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டாள். கடைசியில், "நீங்க திங்க முடியாதுன்னு நானும் எத்தனை நாள் வடை சுடாமலே இருந்திருக்கேன் தெரியுமா? எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமல் மாவை ஓங்கி ஓங்கிப் பிசைந்தாள். மத்தியானம் சாப்பாடு போடும்போது, "பிள்ளை சைக்கிளைக் குடுத்துட்டு வாரேன்னான், அது கூட என் மண்டையில ஏறலயே" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மேல் இருந்த கோபம் அதற்குள் பின்னால் போய்விட்டது.

உன்னை வராதே என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. சொல்லவும் என்னால் முடியாது. நம் தெருவில் பந்தலுக்கு மூங்கில் இறங்கிவிட்டது. ஆபீஸ் விட்டுக் கிடர்பூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது, முதுகில் பையோடு உன் உயரத்தில் எவன் ஏறினாலும் இரண்டாம் தடவை பார்க்கிறேன். உன் அறைக்கு நான் போவதில்லை. அம்மா போய் விசிறியைப் போட்டுவிட்டு வருகிறாள், அறை புழுங்குமாம். ஒரு வேலையாகப் போன வாரம் சால்ட் லேக் போனபோது நீ சேராத அந்தக் காலேஜ் வாசலில் பிள்ளைகள் கும்பலாக நின்று டீ குடிப்பதைப் பார்த்தேன். பேசாமல் இங்கேயே வைத்துக்கொண்டிருக்கலாம், சாயங்காலம் வீட்டுக்கு வந்திருப்பான் என்று தோன்றியது. பஸ்ஸை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். நீ திரும்பி வந்துவிட வேண்டும் என்று இந்த வீட்டில் யாருக்காவது ஆசை இருக்கிறது என்றால் அது எனக்குத்தான். அதனால்தான் என் பேச்சை அப்படியே நம்பாதே என்கிறேன். நீ வந்தால் எனக்குச் சந்தோஷம் என்பது நீ வருவதற்கு ஒரு காரணமாகாது.

என்னிடம் கேட்டால், பூஜைக்கு வா, பத்து நாள் இரு, திரும்பிப் போய் இன்னும் ஒரு செமஸ்டர் இருந்து பார் என்பேன். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் விட்டுவிட்டு வந்துவிடு. இல்லை, இப்போதே முடியாது என்றால் இப்போதே வா. யார் கேட்டாலும், "அவனுக்கு அந்த இடம் ஒத்துவரல, வந்துட்டான்" என்று நானே சொல்வேன். உனக்காக ஒரு நோயைக் கண்டுபிடிக்கமாட்டேன். உன் தாத்தா என் மேல் வைத்த அன்பில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் அன்றைக்கு அவர் பிளாட்பாரத்தில் ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால், நான் அந்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். முப்பது வருஷத்துக்கு மேலாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்துவிட்டேன்.

இதைப் படித்து முடித்ததும் போன் பண்ணு. அம்மா நம்பருக்கு வேண்டாம், என் நம்பருக்கு. எத்தனை மணியானாலும் சரி. எப்போதும் போல, சாப்பிட்டியா, படிச்சியா என்று ஆரம்பிக்கமாட்டேன். "என்னல ஆச்சு?" என்று மட்டும் கேட்பேன். உடனே பதில் சொல்ல வராது, எனக்குத் தெரியும். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். நான் போனை வைக்கமாட்டேன்.

அப்பா